கேலிபரேஷன் என்றால் திருத்தமா? – ஒரு பழைய மல்டிமீட்டரின் கையேட்டை முன்வைத்து

கேலிபரேஷன் என்பதற்குத் தமிழில் பரவலாகப் புழங்கும் சொல் ‘அளவுத்திருத்தம்’. நானும் முன்பு சில கட்டுரைகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இனி எழுதப் போவதில்லை. அந்தச் சொல்லில் இருக்கும் குழப்பம் ஒரு மீட்டரின் 21 வருடக் கதையை அழித்துவிடப் பார்த்தது. தற்செயலாகத்தான் தப்பித்தேன்.

மீட்டர், ஹெச்பி 3478ஏ. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கொலராடோவில் லவ்லேண்ட் ஊரில் இருந்த ஹெச்பி பிரிவு கொண்டுவந்த ஐந்தரை இலக்க மல்டிமீட்டர். ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் கிலோ கணக்கில் கிடந்த உபகரணங்களுக்கு நடுவில் வாங்கினேன். ஏதோ ஒரு நிறுவனம் ஏலத்தில் கழித்துக் கட்டியது போல. முகப்பில் ஒரு கேலிபரேஷன் ஸ்டிக்கர், தேதி 2003. உள்ளே சிப்புகளில் 1985, 86 என்று தேதிக் குறிகள். ஆன் செய்தால் ஒரு முனகலும் இல்லாமல் வேலை செய்தது. 3 வோல்ட் வரம்பில் 10 மைக்ரோவோல்ட் வரை காட்டுகிற மீட்டர், நான் கொடுத்த காசுக்கு, கொள்ளை லாபம்.

மீட்டரோடு சேர்த்து அதன் சர்வீஸ் கையேட்டின் ஸ்கேன் பிரதியையும் வாசிக்க ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அந்தக் கையேட்டைப் பற்றிய விமரிசனம்தான். கையேட்டுக்கெல்லாம் விமரிசனமா என்று சிரிக்கலாம். நாவலுக்கு விமரிசனம் எழுதுகிறோம், அதை யாரும் ஸ்க்ரூடிரைவரோடு பின்பற்றுவதில்லை. கையேட்டில் ஒரு வரி விட்டுப்போனால் உலகம் முழுக்க அந்த வரி விட்டுப்போகும்.

முதலில் பாராட்டு. அதற்கு முந்தைய தலைமுறை உபகரணங்களில் திருத்தம் என்றால் மூடியைக் கழற்றி, சர்க்யூட் போர்டில் இருக்கும் ட்ரிம்பாட்களை, அதாவது குட்டி குட்டி மாறுமின்தடைகளை, திருகுவது. 1972இல் வந்த டெக்ட்ரானிக்ஸ் 465 அலைக்காட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்றைத் திருகினால் இன்னொன்று நகரும். அதனால் வரிசை முக்கியம், பவர் சப்ளையில் ஆரம்பிக்க வேண்டும். பவர் சப்ளையைத் தொட்டால் மற்ற எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். மூடியைக் கழற்றியதும் உள்ளே வெப்பநிலை மாறும், அதுவே அளவை நகர்த்தும். தூசி, அதிர்வு, தேய்ந்துபோன ட்ரிம்பாட், கை நடுக்கம் எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

3478ஏ இந்தத் தலைவலியை ஒரே வீச்சில் ஒழித்தது. முகப்பில் ஸ்க்ரூடிரைவர் நுழைகிற அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம். அதைத் திருப்பினால் திருத்தம் செய்ய அனுமதி. பிறகு முனைகளை ஷார்ட் செய்து பூஜ்யம் காட்ட வேண்டும், அடுத்து அந்த வரம்புக்குரிய தெரிந்த மதிப்பைக் கொடுக்க வேண்டும், இரண்டு தடவையும் ‘கால்’ பொத்தான். மீட்டரே தன் பிழையைக் கணக்கிட்டு ஒரு எண்ணாகச் சேமித்துக்கொள்ளும். அதன்பிறகு ஒவ்வொரு அளவீட்டிலும் அந்த எண்ணைக் கழித்து, பெருக்கி, சரியான விடையைக் காட்டும். மூடியைத் திறக்கவே வேண்டாம். ஹெச்பி-ஐபி கேபிள் வழியாகக் கணினியே இந்த வேலையை முழுக்கச் செய்யலாம். மென்பொருள்காரன் என்ற முறையில் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. திருகாணி போய் டேட்டா வந்துவிட்டது.

டேட்டா என்றால் அடுத்த கேள்வி என்ன? பேக்கப் எங்கே?

அந்த எண்கள் இருப்பது 256 நிபிள் கொள்ளளவுள்ள ஒரு சிறிய சிமாஸ் ராமில். நிபிள் என்றால் அரை பைட், நாலு பிட். மின்சாரம் இல்லாதபோது அதை உயிரோடு வைத்திருப்பது போர்டில் சால்டர் செய்யப்பட்ட ஒரு 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. பேட்டரி செத்தால் எண்கள் போச்சு. மீட்டர் அடுத்தமுறை எழும்போது தான் கேலிபரேட் ஆகவில்லை என்று திரையில் சொல்லிவிடும், நேர்மையான மீட்டர். ஆனால் முன்பு என்ன எண்கள் இருந்தன என்று யாராலும் சொல்ல முடியாது. என் மீட்டரின் பேட்டரிக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் குறைவு. அளந்து பார்த்தேன், இன்னும் 2.9 வோல்ட்டுக்கு மேல் இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த எண்களைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வழியுண்டா என்று கையேட்டில் தேடினால், இல்லை. ஆனால் மீட்டரில் வழி இருக்கிறது! இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிற விஷயம். ஆங்கில எழுத்து ‘டபிள்யூ’, அதைத் தொடர்ந்து ஒரு முகவரி பைட் அனுப்பினால் மீட்டர் அந்த இடத்தில் இருக்கும் நிபிளைத் திருப்பி அனுப்புகிறது. ‘எக்ஸ்’ என்ற இன்னொரு கட்டளையால், பள்ளத்தைத் திருப்பி வைத்திருந்தால், எழுதவும் முடியும். கையேட்டின் கட்டளைப் பட்டியலில் இரண்டும் கிடையாது. பின்னாளில் ஆர்வலர்கள்தான் தோண்டியெடுத்துப் பொதுவில் வைத்தார்கள். எழுதியவனுக்குத் தெரிந்திருக்கிறது, வாங்குபவனுக்குச் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று யோசித்தால் அந்தக் காலத்து ஹெச்பியின் பார்வை ஓரளவு புரிகிறது. அவர்கள் மனதில் இருந்த வாடிக்கையாளரிடம் சொந்தமாக ஒரு கேலிபரேட்டர் இருக்கும், அல்லது பக்கத்து ஊரில் ஹெச்பி சர்வீஸ் மையம் இருக்கும். எண்கள் போனால் என்ன, கொஞ்ச நேரம் உட்கார்ந்து திரும்ப ஏற்றிவிட்டுப் போகலாம். மீட்டரை விடப் பலமடங்கு விலையுள்ள கேலிபரேட்டரைக் கண்ணாலும் பார்த்திராத ஒருவன், இன்னொரு கண்டத்தில், 40 வருடம் கழித்து இந்தக் கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். அது குற்றமில்லை. ஆனால் ஒரு கட்டளையை அச்சடிக்க இரண்டு வரி போதும்.

அர்டுயினோ ஒன்றை ஜிபிஐபி அடாப்டராக மாற்றி (ஹெச்பி-ஐபியின் பொதுப்பெயர்தான் ஜிபிஐபி) 256 நிபிள்களையும் எடுத்துச் சேமித்தேன். மூன்று தடவை எடுத்து மூன்றும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டேன். ஆபீஸ் பழக்கம். பார்க்க அழகான அமைப்பு. ஒவ்வொரு வரம்புக்கும் 13 நிபிள். முதல் 6 பூஜ்ய விலகல், அடுத்த 5 பெருக்கெண், கடைசி 2 செக்சம். முதல் பதினொன்றின் கூட்டலோடு செக்சம்மைச் சேர்த்தால் 255 வர வேண்டும். வந்தது. அதன்பிறகு ஒரு தற்காலிக பேட்டரியை இணையாகக் கட்டிக்கொண்டு பழையதைக் கழற்றிப் புதியதை வைத்தேன். ராம் அசையவில்லை.

அடுத்துதான் தப்பு செய்தேன். மீட்டர் உண்மையிலேயே எவ்வளவு சரி என்று தெரிந்துகொள்ள ஆசை. ஒரு ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். அங்கீகாரம் பெற்ற ஆய்வகம்தான், பெயர் வேண்டாம். படிவத்தில் ‘கேலிபரேஷன்’ என்று எழுதிக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து வாங்கப் போனபோது கவுண்டரில் இருந்த தம்பி உற்சாகமாகச் சொன்னார்: “சார், கொஞ்சம் ட்ரிஃப்ட் ஆயிருந்துச்சு சார். எல்லாம் பக்காவா கரெக்ட் பண்ணிக் குடுத்துட்டோம்.”

“எவ்ளோ ட்ரிஃப்ட் ஆயிருந்துச்சு?”

“அதெல்லாம் இப்ப சரியாயிடுச்சு சார்.”

சான்றிதழில் இரண்டு பக்க அட்டவணை. 3 வோல்ட் கொடுத்தால் மீட்டர் 3.00000 காட்டியது, 30 கிலோ ஓமுக்கு 30.0000 காட்டியது. எல்லா வரிசையிலும் பிழை பூஜ்யம் அல்லது ஒன்றிரண்டு எண்ணிக்கை. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் எனக்கு அதிலிருந்து தெரிய வந்தது ஒன்றுமே இல்லை. இப்போதுதான் திருத்திய மீட்டர் இப்போது சரியாக இருக்கிறது என்பதா செய்தி? பரீட்சைக்கு முன் விடைத்தாளைத் திருத்திக் கொடுத்துவிட்டு நூற்றுக்கு நூறு போட்ட மாதிரி.

நான் தெரிந்துகொள்ள விரும்பியது, 2003க்குப் பிறகு யாரும் தொடாத மீட்டர், 2024இல், தொடுவதற்கு முன், என்ன காட்டியது என்பது. ஒரு கருவி எப்படி மூப்படைகிறது என்பதற்கான ஒரே சாட்சி அந்த எண்தான். அளவியல்காரர்கள் இதைக் கண்டுபிடித்த நிலை என்றும், திருத்தியபின் உள்ளதை விட்டுச்சென்ற நிலை என்றும் பிரித்துச் சொல்வார்கள். முதலாவது இல்லாமல் இரண்டாவதால் பயன் மிகக் குறைவு. ஒரு தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள். போன வருடம் முழுக்க இந்த மீட்டரை வைத்துப் பொருள்களைச் சோதித்துப் பாஸ் போட்டிருக்கிறார்கள். மீட்டர் தப்பாகக் காட்டிக்கொண்டிருந்ததா என்பது தெரிந்தால்தானே அந்தப் பொருள்களைத் திரும்ப அழைக்க வேண்டுமா என்று முடிவு செய்ய முடியும்? திருத்திக் கொடுத்த மீட்டர் வரும் வருடத்துக்குத்தான் உதவும். போன வருடத்துக்குப் பதில் சொல்லாது.

என் விஷயத்தில் முன்பே எடுத்து வைத்த 256 நிபிள் காப்பாற்றியது. வீட்டுக்கு வந்ததும் மறுபடி ராமை வாசித்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். 3 வோல்ட் வரம்பில் பெருக்கெண் பழையதைப்போல 1.000052 மடங்காக உயர்ந்திருந்தது. அதாவது உண்மையான 3 வோல்ட்டுக்குத் திருத்துவதற்கு முன் மீட்டர் 2.99984 காட்டியிருக்க வேண்டும். 16 எண்ணிக்கை குறைவு, 52 பிபிஎம், அதாவது பத்து லட்சத்துக்கு 52 பங்கு. 21 வருடத்தில் 52 என்றால் சராசரியாக வருடத்துக்கு இரண்டரை. நேர்கோட்டில் நகர்ந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை, பூஜ்ய விலகலில் இருந்த சின்ன மாற்றத்தையும் இங்கே விட்டுவிட்டேன். இருந்தாலும் கிலோ கணக்கில் விற்கப்பட்ட ஒரு மீட்டர் இப்படி நடந்துகொண்டது எனக்குப் பெரிய செய்தி. இதை நான் சான்றிதழிலிருந்து தெரிந்துகொள்ளவில்லை, ஹெச்பி அச்சடிக்காமல் விட்ட கட்டளையிலிருந்து தெரிந்துகொண்டேன்.

ஆய்வகத்தை மட்டும் குறை சொல்வது நியாயமா? சொல்லப்போனால் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. அளவியலுக்கென்று சர்வதேசச் சொல்லகராதி ஒன்று உண்டு, சுருக்கமாக விஐஎம். அதன் 2012 பதிப்பு கேலிபரேஷனை வரையறுத்த கையோடு, இதைத் திருத்துவதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், சரிபார்ப்பதோடும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்று குறிப்புப் போட்டு எச்சரிக்கிறது. கேலிபரேஷன் என்பது ஒப்பிடுவது மட்டும்தான். நம்பகமான ஒரு மூலத்தை வைத்து, கருவி இவ்வளவு காட்டுகிறது, உண்மை இவ்வளவு, இரண்டுக்கும் உள்ள உறவு இது, இதில் நம் நிச்சயமின்மை இவ்வளவு என்று எழுதுவது. அதோடு வேலை முடிந்தது. கருவியைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

சரிபார்ப்பு வேறு. நம் ஊர் மளிகைக் கடைத் தராசில் முத்திரை ஆய்வாளர் செய்வது அது. சட்டம் சொல்லும் எல்லைக்குள் இருக்கிறதா இல்லையா, இருந்தால் முத்திரை, இல்லாவிட்டால் இல்லை. திருத்தம் மூன்றாவது. ஒப்பிட்டுப் பார்த்தபின் வேண்டுமானால் செய்வது.

இப்போது 3478ஏவின் முகப்பைப் பாருங்கள். திருத்தம் செய்யும் பொத்தானுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கால்’. பள்ளத்துக்கு வைத்த பெயரும் அதுதான். அந்தக் காலத்து ஹெச்பி கையேடுகளின் வழக்கப்படி செயல்திறன் சோதனைகளுக்கு ஒரு பகுதி, திருத்தங்களுக்கு இன்னொரு பகுதி என்று அழகாகப் பிரித்துத்தான் எழுதுவார்கள். கையேடு எழுதியவர்களுக்கு வித்தியாசம் தெரியும். ஆனால் பொத்தானில் எழுதியதைத்தான் உலகம் படித்தது. கேலிபரேஷன் என்று கேட்டு வருபவனுக்குக் ‘கால்’ பொத்தானை அழுத்திக் கொடுத்த அந்தத் தம்பியிடம் நான் எப்படிச் சண்டை போட முடியும்? ட்ரிம்பாட் காலத்தில் திருத்துவதற்குக் குறைந்தபட்சம் சோம்பேறித்தனமாவது தடையாக இருந்தது. மூடியைக் கழற்ற வேண்டுமே என்று, சரியாக இருப்பதை விட்டுவிடுவார்கள். இப்போது ஒரு பொத்தான். பழைய எண் இருந்த இடத்திலேயே புதிய எண். அண்டூ கிடையாது.

நாம் அந்தக் குழப்பத்தை இன்னும் ஒரு படி முன்னே எடுத்துப்போய், சொல்லின் உள்ளேயே ‘திருத்தம்’ என்பதைப் பொதித்துவிட்டோம். ஆங்கிலத்தில் கேலிபரேஷன் என்று எழுதும்போது குழம்பவும் செய்யலாம், குழம்பாமலும் இருக்கலாம். அளவுத்திருத்தம் என்று எழுதினால் குழம்பியே தீர வேண்டும்.

தர நிர்ணயம் என்ன சொல்கிறது என்றும் தேடினேன். ஐஎஸ்ஓ/ஐஇசி 17025, ஆய்வகங்களுக்கு என்ஏபிஎல் அங்கீகாரம் தருவது இதன் அடிப்படையில்தான். 2017 பதிப்பில் பிரிவு 7.8.4.1, திருத்தமோ பழுதுபார்ப்போ செய்திருந்தால் அதற்கு முந்தைய முடிவுகளையும் பிந்தைய முடிவுகளையும் சான்றிதழில் தர வேண்டும் என்கிறது. படித்ததும் துள்ளிக் குதித்தேன். அடுத்த நொடி வரியின் வால் கண்ணில் பட்டது: ‘இருக்குமானால்’. முந்தைய முடிவுகளை எடுக்காமலேயே விட்டால் அவை இருக்காது, இல்லாததைத் தர வேண்டியதில்லை. ஒரு சொல்லில் முழு விதியும் கரைந்துவிடுகிறது. நான் கோட் ரிவ்யூவில் இப்படி ஒரு நிபந்தனையைப் பார்த்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அதே பிரிவில் இன்னொரு சுவாரசியம். வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டிருந்தால் தவிர, சான்றிதழிலோ ஸ்டிக்கரிலோ அடுத்த கேலிபரேஷன் எப்போது என்று பரிந்துரைக்கக் கூடாது. காரணம் நியாயமானது. எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை என்பது கருவியின் நகர்வு வரலாறையும் அதை என்ன வேலைக்குப் பயன்படுத்துகிறோம் என்பதையும் பொறுத்தது, அது ஆய்வகத்துக்குத் தெரியாது. என் மீட்டரில் ஒட்டிய புது ஸ்டிக்கரில் அடுத்த தேதி, சரியாக ஒரு வருடம் கழித்து, கொட்டை எழுத்தில். என்னை யாரும் கேட்கவில்லை. வரலாறை அழித்துவிட்டு, வரலாறை வைத்து முடிவு செய்ய வேண்டியதையும் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

வரலாறு வரலாறு என்று ஏன் அடித்துக்கொள்கிறேன் என்றால், சில சமயம் கருவி நகராமலேயே உண்மை நகரும். 1990 ஜனவரி 1 அன்று உலகம் முழுக்க ஜோசஃப்ஸன் விளைவை வைத்து வோல்ட்டைப் பேணும் முறையில் ஒரே மாறிலிக்கு மாறினார்கள். அமெரிக்காவில் அதுவரை பேணிவந்த வோல்ட் 9.264 பிபிஎம் பெரிதாயிற்று. என் மீட்டர் போன்ற ஒன்றுக்கு 3 வோல்ட்டில் இது சுமார் 28 மைக்ரோவோல்ட், கடைசி இலக்கத்தில் கிட்டத்தட்ட 3 எண்ணிக்கை. டிசம்பர் 31 ராத்திரி சரியாக இருந்த மீட்டர் விடிந்ததும் 3 எண்ணிக்கை தள்ளிக் காட்டியது. அதன் உள்ளே ஒரு எலெக்ட்ரான்கூட வழி மாறவில்லை. ஒப்பீட்டு எண்களை வருடவாரியாக எழுதி வைத்திருந்தவர்கள் ஒரு கழித்தலோடு வேலையை முடித்திருப்பார்கள். ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்தி அழித்துக்கொண்டே வந்தவர்களுக்கு, மீட்டர் நகர்ந்ததா வோல்ட் நகர்ந்ததா என்பது வரைபடத்தில் பிரித்தறிய முடியாத ஒரு மேடு. 2019 மே 20 அன்று எஸ்ஐ அலகுகள் மாற்றப்பட்டபோதும் வோல்ட் ஒரு பிபிஎம்மில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அசைந்தது. அது என் மீட்டரின் கண்ணுக்கே தெரியாது, ஆனால் மேல்மட்ட ஆய்வகங்களுக்குத் தெரியும்.

ஹெச்பியும் பாடம் கற்றுக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். 1989இல் வந்த 3458ஏ, எட்டரை இலக்கம், இன்றைக்கும் ஆய்வகங்களில் ராஜா. அதற்கு வெளியிலிருந்து தேவைப்படுவது ஒரு ஷார்ட், ஒரு 10 வோல்ட், ஒரு 10 கிலோ ஓம், அவ்வளவுதான். மீதியை உள்ளுக்குள்ளேயே ஒப்பிட்டுக்கொள்ளும். அதன் கேலிபரேஷன் எண்களை வெளியே படிக்கக் கட்டளை உண்டு, எத்தனை முறை திருத்தப்பட்டது என்று எண்ணி வைக்கும் கவுண்டரும் உண்டு, இரண்டும் கையேட்டிலேயே இருக்கின்றன. ஆனால் அதிலும் அந்த எண்கள் குடியிருப்பது, பேட்டரியை உள்ளே புதைத்து மூடிய ஒரு மெமரி சிப்பில். பாதிப் பாடம்தான் கற்றார்கள் போலும்.

தமிழ்ச் சொல்லுக்கு என்ன செய்வது? ‘அளவொப்பீடு’ என்று எழுதிப் பார்க்கிறேன். நாக்கில் கொஞ்சம் தடுக்குகிறது. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்கிறது, என்ன செய்யக் கூடாதோ அதைச் சொல்லவில்லை. இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்கிறேன். அதுவரை கேலிபரேஷன் என்றே எழுதினாலும் பாதகமில்லை.

இந்த வருடம் வேறொரு ஆய்வகத்துக்கு மீட்டரை எடுத்துப் போனேன். படிவத்தில் ‘ஒப்பிட்டு மட்டும் தரவும், திருத்த வேண்டாம்’ என்று எழுதி, அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அங்கிருந்த பெரியவர் படிவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “பிழை இருந்தா அப்படியே எழுதிடவா? அப்புறம் சர்டிஃபிகேட்ல பிழை இருக்குன்னு வந்து நிக்க மாட்டீங்களே?” என்றார். நிற்க மாட்டேன் என்றேன். காகிதம் கிழியாமல் திரும்பி வந்தது. 3 வோல்ட்டுக்கு 2.99999.